கையைக் கீழே போடு

சபையில் அவளுக்கு வைத்த பெயர் கைதூக்கி. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் இல்லை. ஞாயிறுதோறும் பிரசங்கம் முடிந்ததும் பாஸ்டர் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வார். "இரட்சிப்பின் நிச்சயம் இல்லாதவங்க, இன்னைக்கு இயேசுகிட்ட வர விரும்புறவங்க, கையை மட்டும் தூக்குங்க. யாரும் பார்க்க மாட்டாங்க" என்பார். யாரும் பார்க்க மாட்டார்களாம்! மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு கை மேலே போகும் என்பது சபைக்கே தெரிந்த விஷயம். "கையைப் பார்த்துட்டேன் சகோதரி, கீழ விடுங்க" என்று பாஸ்டர் சொல்வார். இருபத்திரண்டு வருடமாக இது நடந்துகொண்டிருந்தது.

ஞானஸ்நானம் இரண்டு தடவை எடுத்தவள். முதல் தடவை தண்ணீரில் முங்கும்போது மூக்கைப் பிடிப்பதிலேயே கவனம் போய்விட்டதாம், மனசு முழுசாக அதில் இல்லையாம். அதனால் இரண்டாவது. மூன்றாவது தடவை போய் நின்றபோது பாஸ்டர் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டார். "அம்மா, உங்களை நனைச்சு நனைச்சு எனக்குத்தான் ஜலதோஷம் பிடிக்குது. விட்டுடுங்க" என்றார்.

வீட்டிலும் இதே கூத்துதான். வாசல் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது தடவை இழுப்பாள். இழுத்த இழுப்பில் ஒருநாள் கொண்டியே கையோடு வந்துவிட்டது. தச்சு வேலை செய்யும் கணவர் அதைத் திரும்பப் பொருத்தும்போது, "திருடன்கூட இவ்வளவு பலமா இழுக்க மாட்டான்டி" என்றார். மனுஷருக்குப் பொறுமை ஜாஸ்தி. இல்லாவிட்டால் இவளோடு குடித்தனம் நடத்த முடியுமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் பார்த்த வேலை அப்படி. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், கிருமி நீக்கும் பிரிவில் இருபத்தாறு வருட சர்வீஸ். அங்கே மூன்று அறைகள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் கத்தரிகளையும் இடுக்கிகளையும் முதல் அறையில் கழுவுவார்கள். இரண்டாவது அறையில் துடைத்து, எண்ணி, தட்டில் அடுக்கி, பச்சைத் துணியில் இரண்டு சுற்றுப் பொதிந்து, மேலே ஒரு டேப் ஒட்டி, ஆளுயர நீராவிப் பெட்டிக்குள் தள்ளுவார்கள். வெந்து வந்த பொதிகள் மூன்றாவது அறை அலமாரியில் இருக்கும். டேப் முதலில் வெளிறிய மஞ்சளாக இருக்கும். நீராவியின் சூடு சரியாக ஏறியிருந்தால் அதில் கறுப்புக் கோடுகள் விழும். கோடு விழுந்தால் உள்ளே எல்லாம் சரி. பிரித்துப் பார்க்கக் கூடாது. வெளியே பிரித்தால் காற்றுப் பட்டு அத்தனையும் வீண். மறுபடி கழுவுவதிலிருந்து தொடங்க வேண்டும். தியேட்டரில் டாக்டர் கைக்குப் போகும்போதுதான் அதைப் பிரிக்கலாம்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக் கொடுப்பவளே அவள்தான். "கோட்டைப் பாரு, நம்பு, கையைக் கட்டிக்கோ" என்பாள். ஊருக்கு உபதேசம்.

வேலையால் அவளுக்கு வந்த இன்னொரு குடைச்சலும் உண்டு. இயேசுவின் இரத்தம் நம் பாவத்தைக் கழுவுகிறது என்று சபையில் பாடும்போதெல்லாம் அவள் வாய் பாடும், மனசு முரண்டு பிடிக்கும். அவள் நாள் முழுக்கக் கழுவுவதே இரத்தத்தைத்தானே. குளிர்ந்த தண்ணீரில்தான் முதலில் அலச வேண்டும், சுடுதண்ணீர் பட்டால் உறைந்து ஒட்டிக்கொள்ளும், கருவிகளின் பல் இடுக்குகளில் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று அதன் சங்கதி அத்தனையும் அறிந்தவள். அது எதைக் கழுவும்? ஒருநாள் பாஸ்டரிடம் கேட்டேவிட்டாள். அவர் முக்கால் மணி நேரம் விளக்கினார். இரண்டு பேருக்கும் தாகம் எடுத்ததுதான் மிச்சம்.

அவளுக்கு ஒரே ஓர் அக்கா. நான்கு வயது மூத்தவள், தையல்காரி, வாய்த்துடுக்கு ஜாஸ்தி. புருஷன் போன பிறகு முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு, யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ்ந்தவள். சபைக்கு வா வா என்று தங்கை கூப்பிட்டு அலுத்துவிட்டாள். "உன்னைப் பார்த்துத்தான்டி நான் வரல. இத்தனை வருஷமா போற, இன்னும் உனக்கே பரலோகக் கேட்டுக்குள்ள விடுவாங்களான்னு தெரியல. என்னை எங்க கூட்டிட்டுப் போகப் போற?" என்பாள். போன வாரம் கை தூக்கியபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. புதன்கிழமை மாமியாரிடம் எரிந்து விழுந்தோமே, அதற்குப் பிறகும் சரியாக இருக்குமா என்று கவலைப்படுகிறவள் அக்காவுக்கு என்ன சொல்வாள்?

அக்காவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டும் என்றார்கள். தங்கை வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை சேர்த்தார்கள். வியாழக்கிழமை காலை ஆபரேஷன். சர்ஜன் ஒளிவு மறைவு இல்லாத மனிதர். "நூறு பேருக்குப் பண்ணினா எட்டுப் பேருக்கு சிக்கலாகலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அக்கா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள். "அந்த எட்டுல நான் ஒருத்தியா இருந்தா எங்கடி போவேன்?"

"அப்படியெல்லாம் பேசாதக்கா. நல்லபடியா வந்துடுவ."

"அதை நர்ஸ் சொல்லிட்டா. நீ வேற சொல்லு. கண்ணு முழிக்கலன்னா எனக்கு என்ன ஆகும்?"

"பாஸ்டர் ஐயாவைக் கூட்டிட்டு வரவா?"

"அவர் வேணாம். அது அவருக்குத் தொழில். நீதான் சொல்லணும். வியாழக்கிழமை என்னைத் தள்ளிட்டுப் போறதுக்குள்ள சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடு, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா என்னைச் சமாதானப்படுத்தறதுக்காக மட்டும் ஒண்ணும் சொல்லாத."

அக்கா தங்கையிடம் வாழ்நாளில் எதுவும் கேட்டதில்லை. முதன்முதலில் கேட்கிறாள், அதுவும் இவளிடம் இல்லாத ஒன்றை! பயந்தே போனாள்.

மறுநாள் புதன்கிழமை. அக்காவின் ஆபரேஷனுக்கான தட்டை நானே கட்டுகிறேன் என்று கேட்டு வாங்கினாள். கழுவி, லென்ஸ் வைத்துப் பார்த்து, எண்ணி, பொதிந்து, நீராவிக்குள் அனுப்பி எடுத்தாள். கோடு கன்னங்கரேலென்று விழுந்திருந்தது. சும்மா இருக்க வேண்டியதுதானே? அந்தச் சின்ன இடுக்கியின் மூட்டில் ஏதோ ஒட்டியிருந்ததுபோல ஒரு நினைப்பு. பிரித்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி கழுவி, கட்டி, அனுப்பினாள். கோடு விழுந்தது. நடுப்பகலில் மறுபடி அதே நினைப்பு. மறுபடி பிரித்தாள்.

பிரிவின் பொறுப்பாளரான இன்சார்ஜ் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவளுக்கும் அவருக்கும் ஒரே வயது. ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"என்ன பண்ற?"

"சரியா வெந்திருக்கான்னு..."

"கோடு விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு."

"அப்புறம் என்ன? பிரிச்சுப் பார்த்தியே, கிருமி உன் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. சுத்தமா இருந்ததைக் கெடுத்துட்டு, சுத்தமா இருக்கான்னு தேடிட்டு இருக்க. ரெண்டு தடவை! உங்க அக்காவுக்கு நாளைக்கு எதை வெச்சு ஆபரேஷன் பண்றது, உன் கவலையை வெச்சா?"

இவள் அழுதுவிட்டாள். இன்சார்ஜ் அம்மாவுக்கும் ஒருமாதிரி ஆகிவிட்டது. டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "சுத்தம் பண்றது நீயும் இல்ல, நானும் இல்ல. அந்த நீராவி. அது தன் வேலையை முடிச்சுட்டுத்தான் கோடு போடுது. நீ நம்பினாலும் சரி, நம்பலன்னாலும் சரி, உள்ள அது வெந்ததுதான். இன்னொரு தடவை கட்டு. இந்தத் தடவை பிரிச்சேன்னா உன்னை இங்கேருந்து மாத்திடுவேன், சொல்லிட்டேன்."

மூன்றாவது தடவை கட்டினாள். பெட்டி ஓடி முடியும்வரை எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கோடு விழுந்தது. பொதியைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள். திரும்பவும் எடுக்கத்தான் கை போனது. தானாகப் போகிற அந்தக் கையைப் பார்த்தாள். வலது கை, உள்ளங்கை மேலே பார்த்தபடி நீண்டிருந்தது. அப்படி அது நீண்டிருந்த வேறொரு நாள் ஞாபகம் வந்து, அலமாரியின் முன்னாலேயே நின்றுவிட்டாள்.

அன்று மாலை பார்வையாளர் நேரம் தொடங்கியதும் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா வாட்ச் ஞாபகம் இருக்காக்கா?"

"எது, நீ தண்ணித் தொட்டில போட்டு மூழ்கடிச்சியே, அதுவா? என் கை அதை மறக்குமா?"

அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தவர். நல்ல வேலைக்காரர் என்று முதலாளி கொடுத்த கைக்கடிகாரம் அது. இவளுக்கு எட்டு வயது. திருட்டுத்தனமாக எடுத்துக் கட்டிக்கொண்டு பாத்திரம் கழுவப் போனவள், கடிகாரத்தோடு கையைத் தொட்டிக்குள் விட்டாள். முள் நின்றது நின்றதுதான். சாயந்தரம் அப்பா மரஸ்கேலை எடுத்துக்கொண்டு யார் என்று கேட்டபோது, இவள் நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்த அக்கா முன்னால் போய், "நான்தாம்ப்பா" என்று கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஆறு அடி. இரண்டு நாள் அவளால் பென்சில் பிடிக்க முடியவில்லை.

"அதுக்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. நான் சொன்னதே இல்ல" என்றாள் தங்கை. "வாட்ச் என் கைல நிக்கலன்னு வார்ல ஆணியால ஒரு ஓட்டை போட்டிருந்தேன். ஒரு வாரம் கழிச்சு அப்பா அதைப் பார்த்துட்டார். அந்த ஓட்டை உன் கைக்குக்கூடச் சின்னது. என்னைக் கூப்பிட்டார். நான் போய் கையை நீட்டினேன்."

"அடிச்சாரா?"

"இல்ல. கையைக் கீழே போடுன்னார். இதுக்கு அடி விழுந்தாச்சு, மறுபடி உன்னை அடிச்சா அவ வாங்கினதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டார். நான் விடல. அடிங்கப்பான்னு அழுதேன். அப்பதான் அவருக்குக் கோவமே வந்துச்சு. 'அப்போ உங்க அக்கா வாங்கின அடி சும்மாவா?'ன்னு ஒரே கத்து."

"அதான் திடீர்னு எனக்கு இங்க் பேனா வாங்கிக் கொடுத்தாரா! பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லல பாரு" என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கையைத் தூக்கறதா நினைச்சுட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் புரிஞ்சுது. நான் தூக்கல. அடி வாங்கறதுக்கு நீட்டிட்டு இருந்திருக்கேன். என் தப்புக்கெல்லாம் அவர் சிலுவைல வாங்கிட்டார். வாங்கி முடிச்சுட்டார். நான் இன்னும் அடிங்க அடிங்கன்னு நின்னா, அவர் வாங்கினது சும்மாவா?"

அக்கா தையல்காரி. பிசிறைக் கண்டுபிடிக்காமல் விட மாட்டாள். "இரு இரு. நான் அப்பாவை ஏமாத்தி அடி வாங்கினேன். உங்க கடவுளை யாராவது ஏமாத்த முடியுமா? தப்பே பண்ணாதவர்னு தெரிஞ்சே அடிச்சா அது அநியாயம் இல்லையா?"

நேற்றுவரை இந்தக் கேள்விக்குத் தங்கை பாஸ்டரைத் தேடி ஓடியிருப்பாள். "அங்க யாரும் யாரையும் ஏமாத்தலக்கா. அப்பாவும் மகனும் சேர்ந்து எடுத்த முடிவு அது. யாரும் அவரைப் பிடிச்சுத் தள்ளல. உன்னை யார் தள்ளினா? நீயா வந்து கையை நீட்டின. ஏன் நீட்டின?"

"நீ சின்னப் பொண்ணு. தாங்க மாட்டே."

"அவ்வளவுதான்க்கா. அவரும் அதுக்குத்தான் வந்தார். நாம தாங்க மாட்டோம்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். மருந்து வண்டி வந்து போனது.

"சரி. நான் சபைக்கு வந்ததில்ல. ஜெபம் பண்ணினதில்ல. கொஞ்சம் வாயும் ஜாஸ்தி" என்றாள் அக்கா.

"கொஞ்சமா?"

"சும்மா இருடி. நாளைக்கு நான் முழிக்கலன்னா? எனக்கும் அது உண்டா?"

"உனக்காகவும்தான் வாங்கினார். சரின்னு ஏத்துக்கோ, போதும். அன்னைக்கு நான் என்ன பண்ணினேன்? ஒண்ணும் பண்ணல. கையைக் கீழே போட்டுட்டு உள்ள போய்ச் சாப்பிட்டேன்."

"நிச்சயமாச் சொல்றியா? இல்ல, என்னைத் தேத்தறியா?"

வழக்கமாக 'நம்புறேன்க்கா' என்றுதான் தங்கைக்கு நாக்கில் வரும். 'வேண்டிக்கிறேன்' என்று வரும். அன்று இரண்டும் வரவில்லை. "நிச்சயம்" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே அதிசயமாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் தேடியது இவ்வளவு சாதாரணமாக வாயிலிருந்து வந்து விழுகிறதே!

அக்கா தலையை ஆட்டினாள். "சரி. ஏத்துக்கிட்டேன். கையை கியை தூக்கணுமா?"

"வேணாம். ட்ரிப்ஸ் ஊசி கழண்டுக்கும்."

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு அக்காவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தங்கை லீவு போடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடிப்பதைவிடக் கீழே வேலை செய்வது மேல் என்று இன்சார்ஜ் அம்மாதான் சொன்னார். பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. ஐந்து மணி நேரத்தில் முடியும் என்றிருந்தார்கள். ஒன்றரைக்கும் தகவல் இல்லை. கணவர் மேலே போய் விசாரித்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார்.

பயம் இல்லாமலா இருந்தது? இருந்தது. ஆனால் அவள் வழக்கமாகக் கடவுளிடம் பேசும் பேரம் எதையும் அன்று பேசவில்லை. அக்கா என்ன ஆனாலும் எங்கே இருப்பாள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அழுகை வந்தபோது அழுதாள், மூக்கைச் சிந்திவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த தட்டைக் கழுவினாள்.

இரண்டேகாலுக்கு லிஃப்ட் திறந்து தட்டு வந்தது. அவள் கட்டிய தட்டு. மேலே சுற்றியிருந்த சீட்டில் அவள் கையெழுத்து. தியேட்டரிலிருந்து போன் இன்னும் வரவில்லை; முடிந்தது என்பது மட்டும் தெரிந்தது, எப்படி முடிந்தது என்பது தெரியவில்லை. இன்சார்ஜ் அம்மா, "நீ தொடாத, நான் பார்த்துக்கறேன்" என்றார். இவள் கேட்கவில்லை. குழாயைத் திறந்தாள். குளிர்ந்த தண்ணீர். அக்காவின் இரத்தம் இடுக்கிகளிலிருந்து கரைந்து ஓடியது. இதே இரத்தம்தான் அன்று அந்த உள்ளங்கையில் கன்றிச் சிவந்திருந்தது என்று நினைத்தாள். அந்த ஆறு அடியால், உண்மை தெரிந்த பிறகும் அப்பா முகத்தை அவளால் நேராகப் பார்க்க முடிந்தது. யாரோ ஒருவர் வாங்கிக்கொண்டதால்தான் முடிந்தது. இரத்தம் கழுவும் என்று பாஸ்டர் முக்கால் மணி நேரம் விளக்கியதன் அர்த்தம் இதுதானோ என்று தோன்றியது. பிரஷை எடுத்துப் பல் இடுக்குகளைத் தேய்த்தாள்.

போன் அடித்தது. இன்சார்ஜ் அம்மா எடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பினார். "வால்வு ஓடுதாம். ஐ.சி.யூ.வுக்கு மாத்திட்டாங்களாம்." சொல்லிவிட்டு அவரே முதலில் அழுதார்.

அக்கா தேறி எழுந்து நடமாட மூன்று மாதம் ஆனது. அதுவரை தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடுதான் இருந்தாள்; சபைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு முதன்முதலாகச் சபைக்குப் போன ஞாயிறன்று அக்காவும் கூட வந்தாள். இருமினால் நெஞ்சு வலிக்குமென்று ஒரு சின்னத் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு, மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். பிரசங்கம் நீளம். அக்கா இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள்.

முடிவில் பாஸ்டர் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். வழக்கமான அழைப்பைச் சொன்னார். அவர் அரைக்கண்ணால் பார்ப்பவர் என்பது ரகசியமில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. தோளுக்கு மேல் போகாத கை.

பாஸ்டர் பழக்க தோஷத்தில் பெருமூச்சு விட்டார். "கையைப் பார்த்துட்டேன் சகோதரி, கீழ விடுங்க."

"ஐயா, அது என் கை இல்ல" என்றாள் கைதூக்கி. "எங்க அக்கா கை."

சபை முழுக்கக் கண்ணைத் திறந்துவிட்டது. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ உங்க கை எங்கம்மா?"

"கீழதான் இருக்குங்க ஐயா. அக்கா முதுகைத் தாங்கிட்டு இருக்கு."